மெஷின் ஒண்ணு சொல்லுது, மனுஷன் ஒண்ணு சொல்றான் – நான் கேட்ட பாட்காஸ்ட், பாத்த சீரிஸ், படிச்ச புக்

டெக்னாலஜி மனுஷங்கள என்ன பாடு படுத்துதுன்னு பேசற புக், டாக்குமென்ட்ரி, பாட்காஸ்ட்னு இப்ப ஏகப்பட்டது வந்துருச்சு. எதுல ஆரம்பிக்கறதுன்னு என்கிட்ட நெறைய பேரு கேக்கறாங்க, ஏன்னா பஸ் ஏறுனா காதுல ஹெட்செட்ட மாட்டிட்டு நான் இதத்தான் கேப்பேன்னு கடைல எல்லாருக்கும் தெரியும். திருச்சில ஒரு சூப்பர் மார்க்கெட்ல பில்லிங் செக்‌ஷன் பாத்துக்கறேன், அவ்ளோதான், கம்ப்யூட்டர் படிச்சவ கெடையாது, பி.காம். அதனால இது ஒரு எக்ஸ்பர்ட் சொல்ற லிஸ்ட் இல்ல. நாள் பூரா மெஷின் முன்னாடி உக்காந்து வேல செய்யற ஒருத்திக்கு எது உண்மையிலேயே ஒதவுச்சு, எது அப்டியே காத்துல போயிருச்சு, அத மட்டும் எழுதறேன்.

மொதல்ல ஒதவாத பக்கத்த சீக்கிரமா சொல்லிடறேன். 2020ல வந்த சோஷியல் டைலமா எல்லாரும் பாத்திருப்பீங்க, பாத்தப்ப எனக்கும் திக்குன்னு இருந்துச்சு, ரெண்டு மூணு நாள் போன பீரோ மேல வெச்சேன், அப்பறம் பழைய குருடி கதவத் திறடிதான். அது மோசமான படம்னு சொல்ல வரல. அதுல பேசறவங்க முக்கால்வாசி பேரு அந்த ஆப்ப எல்லாம் கட்டுனவங்க, கூகுள்ல இருந்த டிரிஸ்டன் ஹாரிஸ் மாதிரி ஆளுங்க, அவங்க சொல்றது முக்கியம்தான், ஆனா அடி வாங்குனவங்கன்னு காட்டறதுக்கு பெரும்பாலும் ஒரு குடும்பத்த நடிக்க வெச்சிருப்பாங்க. பிளாக் மிரர் சீரிஸ் 2011ல இருந்து வருது, சில எபிசோட் பாத்தா தூக்கம் வராது, ஆனா காலைல எந்திரிச்சு அத வெச்சு நான் என்ன பண்றதுன்னு கேட்டா ஒண்ணும் இல்ல. நம்ம இரும்புத்திரை 2018ல வந்துச்சு, லோன், டேட்டா திருட்டுன்னு நம்ம ஊர் விஷயம், எனக்குப் புடிச்ச படம், ஆனா அங்கயும் வில்லன எதுத்து நிக்க ஒரு மிலிட்டரி மேஜர் வேண்டியிருக்கு. நம்ம கவுன்ட்டர்ல எந்த மேஜரும் வர மாட்டாரு.

அதனால இப்ப நான் ஒரே ஒரு விஷயம்தான் பாக்கறேன். ஒரு புக்கோ பாட்காஸ்டோ எடுத்தா மொத பத்து நிமிஷத்துல யாரு பேசறாங்க? அடி பட்ட ஆளு அவங்க வாயால பேசறாங்களா, மெஷின் ஒண்ணு சொல்லி மனுஷன் வேற ஒண்ணு சொன்னப்ப யாரோட பேச்சு எடுபட்டுச்சுன்னு காட்டறாங்களா? அது இருந்தா தொடர்ந்து கேப்பேன். இல்லன்னா விட்டுருவேன்.

இந்தப் புத்தி எனக்கு வந்தது பிபிசி ரேடியோ 4ல 2020ல நிக் வாலிஸ்னு ஒரு பத்திரிகைக்காரர் பண்ண தி கிரேட் போஸ்ட் ஆபீஸ் ட்ரையல்னு ஒரு பாட்காஸ்டால. மொதல்ல வந்தது பத்து எபிசோட், ஒவ்வொண்ணும் ஏறக்குறைய கால் மணி நேரம். சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல ஏறுனா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள ஒண்ணு முடிஞ்சிரும். என் இங்கிலீஷுக்கு மொதல்ல வேகமா இருந்துச்சு, ஆப்ல ஸ்பீட கொறச்சு வெச்சுத்தான் கேட்டேன், அதுல ஒரு வெக்கமும் இல்ல, நீங்களும் அப்டியே கேளுங்க.

கத இதுதான். இங்கிலாந்துல சின்ன ஊர்கள்ல போஸ்ட் ஆபீஸ்னா பெரும்பாலும் தனி கட்டடம் கெடையாது, ஒரு மளிகைக் கடைக்குள்ள ஒரு கவுன்ட்டர், அத கான்ட்ராக்ட்ல எடுத்து நடத்தறவங்க சப் போஸ்ட்மாஸ்டர். பென்ஷன் குடுக்கறது, ஸ்டாம்ப் விக்கறது, பில் கட்டறதுன்னு எல்லாம் அவங்க கைலதான். அங்க நம்ம தெற்காசிய ஆளுங்க நெறைய பேரு அந்த வேலைல இருக்காங்க. 1999ல இருந்து ஹொரைசன்னு ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டத்த எல்லா கவுன்ட்டருக்கும் கொண்டு வந்தாங்க, ஜப்பான் கம்பெனி ஃபுஜிட்சுவோடது. வந்த கொஞ்ச நாள்லயே பல எடத்துல கணக்கு ஒதைக்க ஆரம்பிச்சிருச்சு. கல்லால இருக்கற காசு ஒண்ணு, சிஸ்டம் காட்டறது ஒண்ணு. கொறஞ்சா நீதான் கட்டணும்னு அவங்கள்ட்ட சொன்னாங்க. கட்டுனாங்க. வீட்ட அடமானம் வெச்சு, பெத்தவங்கள்ட்ட கடன் வாங்கி கட்டுனாங்க. கட்ட முடியாதவங்க மேல திருட்டு, பொய்க் கணக்குன்னு கேஸ். 1999ல இருந்து 2015க்குள்ள 900 பேருக்கு மேல குத்தவாளின்னு தீர்ப்பாச்சு, அதுல 700க்கு மேல போஸ்ட் ஆபீஸே நேரடியா போட்ட கேஸ்.

கேக்கறப்ப என்னப் புடிச்சு உலுக்குனது அந்த நம்பர் இல்ல. ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணவங்ககிட்ட சொன்ன ஒரு வார்த்த. "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சன, வேற யாரும் சொல்லல." நாடு பூரா நூத்துக்கணக்குல ஆளுங்க தனித்தனியா ராத்திரி தூங்காம ரசீத எண்ணிட்டு இருக்காங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் நீ மட்டும்தான்னு சொல்லிருக்காங்க. இந்த வார்த்தய நான் எங்க கடைல எத்தன வாட்டி கேட்டிருக்கேன்னு தெரியுமா? பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு போன் போட்டா அவங்க சொல்ற மொத வார்த்தையே "மேடம், வேற எந்த பிராஞ்ச்லயும் இந்த இஷ்யூ இல்லயே"ன்றதுதான்.

சூப்பர் மார்க்கெட் கவுன்ட்டர்ல உக்காந்து பாத்தவங்களுக்கு டே எண்ட்னா என்னன்னு தெரியும். கடைய சாத்துனப்பறம் கேஷியர் கல்லாவ எண்ணி, ஐநூறு எத்தன, எரநூறு எத்தன, நூறு எத்தனன்னு டினாமினேஷன் ஷீட்ல எழுதி, கார்டு, ஜிபே எல்லாம் தனியா கழிச்சு, சிஸ்டம் காட்டற கேஷோட டேலி பண்ணணும். கூட இருந்தா எக்ஸஸ், அது கடைக்கு. கொறஞ்சா ஷார்ட், அது அந்தப் பொண்ணு சம்பளத்துல. எங்க கடைல மட்டும் இல்ல, பல கடைல இதான் வழக்கம். மாசம் பன்னெண்டாயிரம் வாங்கற புள்ளைக்கு ஒரே நாள்ல எரநூத்தம்பது, முந்நூறு போச்சுன்னா அது பஸ் காசும் மத்தியான சாப்பாடும்.

அதனால ஜோ ஹாமில்டன் கதய கேட்டப்ப பஸ்ல நான் எறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டு அடுத்ததுல எறங்குனேன். ஹாம்ப்ஷயர்ல சவுத் வார்ன்பரோன்னு ஒரு கிராமத்துல கடை வெச்சிருந்த அம்மா. கணக்குல 2,000 பவுண்டு கொறையுதுன்னு ஹெல்ப்லைனுக்கு போன் பண்றாங்க, அவங்க இத அழுத்து அத அழுத்துன்னு சொல்றாங்க, சொன்னபடி அழுத்துனா கண்ணு முன்னாடியே அந்தத் தொக ரெட்டிப்பா 4,000 ஆகுது. கடைசில 36,000 பவுண்டு காணோம்னு கேஸ். திருட்டுக் கேஸ வாபஸ் வாங்கணும்னா பொய்க் கணக்கு எழுதுனேன்னு ஒத்துக்கோன்னு சொன்னாங்க, ஜெயிலுக்குப் போகக் கூடாதுன்னு ஒத்துக்கிட்டாங்க. ஊர் சனங்க காசு சேத்துக் குடுத்து கோர்ட்டுக்கே வந்து நின்னாங்க. மெஷின் இந்தம்மாவ திருடின்னு சொல்லுது, ஊரே இல்லன்னு சொல்லுது, கோர்ட்டு மெஷின நம்புச்சு.

சர்ரேல வெஸ்ட் பைஃப்ளீட்னு ஒரு எடத்துல போஸ்ட் ஆபீஸ் நடத்துன சீமா மிஸ்ரா, இந்தியால பொறந்தவங்க. 74,000 பவுண்டு திருடுனதா 2010 நவம்பர்ல தண்டன குடுத்து ஜெயிலுக்கு அனுப்புனாங்க. அப்ப அவங்க வயித்துல கொழந்த. அன்னிக்கு அவங்க மூத்த பையனுக்குப் பத்தாவது பொறந்த நாள். இத நான் வீட்ல அம்மாகிட்ட சொன்னேன், அம்மா அரிவாமனைய தள்ளி வெச்சிட்டு "அந்தப் பாவத்த யாரு கட்டிக்கிட்டா"ன்னு கேட்டாங்க. என்னால பதில் சொல்ல முடியல.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். நான் கேக்கற ஒவ்வொரு எபிசோடயும் அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட தமிழ்ல கதையா சொல்லுவேன். அம்மாவுக்கு சாஃப்ட்வேர், அதுல வர்ற பக்ன்ற தப்பு, ரிமோட் ஆக்சஸ் எதுவும் தெரியாது, அதனால எல்லாத்தையும் கல்லா, நோட்டு, கணக்குப்புள்ளன்னு மாத்தித்தான் சொல்லணும். எங்க என்னால சொல்ல முடியாம தெணறுதோ அங்க எனக்கே புரியலன்னு அர்த்தம், திரும்பப் போட்டு கேப்பேன். இதவிட நல்ல வழி எனக்குத் தெரியல. உதாரணத்துக்கு அந்த ரிமோட் ஆக்சஸ் விஷயம். கவுன்ட்டர்ல இருக்கற ஆளத் தவிர வேற யாரும் அந்தக் கணக்கத் தொட முடியாதுன்னு போஸ்ட் ஆபீஸ் வருஷக்கணக்கா சொல்லிட்டு இருந்துச்சு. ஆனா பிராக்னெல்ல இருந்த ஃபுஜிட்சு ஆபீஸ்ல வேல பாத்த ரிச்சர்ட் ரோல்னு ஒருத்தர் 2015ல பிபிசியோட பனோரமான்ற டிவி நிகழ்ச்சில வந்து, நாங்க அங்கருந்தே உள்ள போயி மாத்துவோம், அவங்களுக்கே தெரியாதுன்னு சொல்லிட்டாரு. இத அம்மாகிட்ட எப்டி சொன்னேன்னா, "நீ கல்லாவப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிட்டு தூங்கற, பின்பக்கம் இன்னொரு கதவு இருக்கு, அதுக்கு சாவி வேற ஊர்ல ஒருத்தன்கிட்ட இருக்கு, ஆனா காசு கொறஞ்சா திருடி நீதான்." அம்மா ஒடனே புரிஞ்சுக்கிட்டாங்க. ஆனா அந்த நாட்டுச் சட்டமே 1999க்கு அப்பறம் கம்ப்யூட்டர் சரியா ஓடுதுன்னுதான் முன்கூட்டி வெச்சுக்கும், தப்புன்னா நீதான் காட்டணும். ஒரு மளிகைக் கடைக்காரம்மா ஃபுஜிட்சு சர்வர்ல தப்பு இருக்குன்னு எப்டிக் காட்டுவாங்க?

சரி, எங்க கடை விஷயத்துக்கு வரேன். ஒரு கவுன்ட்டர்ல ஒரு பொண்ணுக்கு அடிக்கடி ஷார்ட். சின்னச் சின்னதா, 180, 345, 95ன்னு. நல்ல புள்ள, கை சுத்தம். மேனேஜர் சார் "கவனமா இரும்மா"ன்னு சொல்லிட்டு சம்பளத்துல புடிச்சுக்கிட்டே இருந்தாரு. அந்தப் பாட்காஸ்ட்ல லீ காசில்டன்னு பிரிட்லிங்டன்ல இருந்த ஒருத்தர் கதய அப்பத்தான் கேட்டிருந்தேன், ஹெல்ப்லைனுக்கு 91 தடவ போன் பண்ணவரு, கடைசில கோர்ட்டுச் செலவு மட்டும் 3,21,000 பவுண்டு தலைல விழுந்து திவாலானாரு. 91 தடவ கூப்ட்டும் அந்தப் பக்கம் யாரும் தேடிப் பாக்கல. அதனால நான் போன் பண்றத விட்டுட்டு ஒரு நோட்டு போட்டேன். நாற்பது பக்க நோட்டு, அன்ரூல்டு. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன், பிரின்டர் நின்னா, நெட் போனா, பில்ல ஹோல்டு போட்டு, அதாவது பாதில நிறுத்தி வெச்சு, திரும்ப எடுத்தா, ஸ்க்ரீன் உறைஞ்சா, மணி என்னன்னு மட்டும் எழுது, வேற ஒண்ணும் வேணாம். "சரிக்கா"ன்னு எழுத ஆரம்பிச்சா.

கொஞ்ச நாள்ல அந்த நோட்டும் பில் ரிப்போர்ட்டும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. நெட் விட்டு விட்டு வர்ற நேரத்துல ஹோல்டு பில்ல எடுத்து சேவ் பண்ணா பிரின்ட் வராது, வரலன்னு அவ திரும்ப சேவ் அழுத்துவா, அப்ப பிரின்ட் வரும். ஆனா சிஸ்டத்துல ரெண்டு பில்லு. அதே ஐட்டம், அதே தொக, அடுத்தடுத்த பில் நம்பர், ஒரு நிமிஷம் வித்தியாசம். கஸ்டமர் ஒரு தடவதான் காசு குடுத்தாரு, சிஸ்டம் ரெண்டு தடவ எதிர்பாக்குது. இதுக்கு அப்பறம் எனக்கு ஒரு யோசன வந்துச்சு. பில்லு ரெண்டு தடவ விழுந்துருந்தா சரக்கும் ரெண்டு தடவ கழிஞ்சிருக்கணுமே! அந்த ஜோடி பில்லுல ஒண்ணுல ஒரு ஸ்டீல் காபி ஃபில்டர் இருந்துச்சு, மெதுவா நகர்ற ஐட்டம், எண்ணறது ஈஸி. ஸ்டாக்ல 11ன்னு காட்டுது, ரேக்குல போய் எண்ணுனா 12. கல்லால காசு கொறையுது, ரேக்குல சரக்கு கூட இருக்கு. திருடி இருந்தா இது நடக்காது.

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு இத சொன்னா மறுபடியும் அதே பாட்டு, வேற எந்த பிராஞ்ச்லயும் இல்ல மேடம். நான் நேரா எங்க இன்னொரு பிராஞ்ச் பில்லிங் அண்ணனுக்கு போன் போட்டேன், "அண்ணே, ஹோல்டு பில்லு எடுக்கறப்ப ஜோடியா விழுதான்னு கொஞ்சம் பாருங்க"ன்னேன். மறுநாள் காலைல அவரே கூப்ட்டு இருக்கும்மான்னு சொன்னாரு. ரெண்டு கடை பில்லையும் சேத்து மேனேஜர் சார் கைல குடுத்தப்பதான் விஷயம் மேல போச்சு, அப்டேட் ஒண்ணு வந்துச்சு. பில் ஜோடியா காட்ட முடிஞ்ச நாளுக்கு மட்டும் அந்தப் பொண்ணுக்குக் காசு திரும்ப வந்துச்சு. அதுக்கு முன்னாடி புடிச்சதெல்லாம் போனது போனதுதான், அத நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

இதுல எனக்கு மேல சிலிர்த்தது என்னன்னா, அப்பறமா ஹொரைசன் பத்தி மேல தேடிப் படிச்சப்ப டால்மெலிங்டன்னு ஸ்காட்லாந்துல ஒரு ஊர் பேர்லயே ஒரு பக் இருக்கறது தெரிஞ்சுச்சு. 2015ல அங்க ஒருத்தங்க 8,000 பவுண்ட என்ட்ரி போடறாங்க, ஸ்க்ரீன் உறைஞ்சு நிக்குது, என்டர திரும்பத் திரும்ப தட்டுறாங்க, ஒவ்வொரு தட்டுக்கும் உள்ள ஒரு 8,000 ஏறிருக்கு, கடைசில 24,000 பவுண்டு கொறையுதுன்னு காட்டுச்சு. அதே வேல. வேற தேசம், வேற கம்பெனி, அதே வேல.

நான் எதுக்கு இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, நல்ல பாட்காஸ்ட் ஒண்ணு கேட்டா பயம் வரக்கூடாது, எங்க பாக்கணும்னு கண்ணு தெறக்கணும். அந்தக் கதைல ஜெயிச்சவங்க எப்டி ஜெயிச்சாங்கன்னு பாருங்க. வேல்ஸ்ல லாண்டுட்னோல போஸ்ட் ஆபீஸ் வெச்சிருந்த ஆலன் பேட்ஸ், சிஸ்டம் காட்டற கடன என்னுதுன்னு ஒத்துக்க மாட்டேன்னு ஆரம்பத்துல இருந்தே எழுத்துல சொல்லிட்டே இருந்தாரு, 2003ல அவரோட கான்ட்ராக்ட்ட முறிச்சிட்டாங்க. எல்லா பேப்பரையும் பத்திரமா வெச்சிருந்தாரு. 2009ல கம்ப்யூட்டர் வீக்லி பத்திரிகை ஏழு பேரு கதய மொத மொதல்ல போட்டுச்சு, அதே வருஷம் ஃபென்னி காம்ப்டன்ற ஒரு கிராமத்து ஹால்ல அவர் கூட்டம் கூட்டுனாரு. அந்த ஹாலுக்குள்ள வந்த ஒவ்வொருத்தரும் அதுவரைக்கும் தான் மட்டும்தான்னு நெனச்சிட்டு இருந்தவங்க. அங்கதான் அந்தப் பொய் ஒடஞ்சுச்சு. அப்பறம் 555 பேரு சேந்து கேஸ் போட்டாங்க. 2019 டிசம்பர்ல ஜட்ஜ் ஃப்ரேசர் தீர்ப்பு குடுத்தப்ப, சிஸ்டத்துல தப்பே இல்லன்னு போஸ்ட் ஆபீஸ் சாதிக்கறது இந்தக் காலத்துல பூமி தட்டைன்னு சொல்ற மாதிரி இருக்குன்னே எழுதிட்டாரு. 57.75 மில்லியன் பவுண்டு செட்டில்மென்ட், ஆனா கேஸ் நடத்துன செலவுக்கே பெரும்பகுதி போச்சு, ஆளுக்கு சுமார் 20,000 பவுண்டுதான் கைக்கு வந்துச்சு. 2021 ஏப்ரல்ல 39 பேரோட தண்டனைய அப்பீல் கோர்ட்டு ரத்து பண்ணுச்சு, அதுல ஜோ ஹாமில்டனும் சீமா மிஸ்ராவும் உண்டு.

இதயே ஐடிவி 2024 ஜனவரில மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்னு நாலு எபிசோட் டிராமாவா போட்டாங்க, டோபி ஜோன்ஸ் பேட்ஸா நடிச்சிருப்பாரு. ஏறக்குறைய பதினஞ்சு வருஷமா பேப்பர்ல வந்துட்டு இருந்த விஷயம், டிவில நாலு நாள் ராத்திரி ஓடுனதும் நாடே கொந்தளிச்சிருச்சு. 2012ல இருந்து 2019 வரைக்கும் போஸ்ட் ஆபீஸ் சிஇஓவா இருந்த பாலா வென்னெல்ஸ் தனக்குக் குடுத்த சிபிஇன்ற அரசு கவுரவப் பட்டத்த திருப்பிக் குடுக்கறேன்னு அதே மாசம் சொன்னாங்க, அரசாங்கம் தனிச் சட்டமே கொண்டு வந்து 2024 மேல மொத்தமா தண்டனைகள ரத்து பண்ணுச்சு. அதனால டிராமான்னா வெறும் பொழுதுபோக்குன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா பாக்கற வரிச முக்கியம்னு எனக்குத் தோணுது. நான் பாட்காஸ்ட் மொதல்ல கேட்டேன், அப்பறம் டிராமா, அப்பறம் நிக் வாலிஸ் 2021ல எழுதுன தி கிரேட் போஸ்ட் ஆபீஸ் ஸ்கேண்டல் புக்கு. குரல்ல கேக்கறப்ப அந்த ஆளு நடுங்கறது தெரியுது, டிராமால மொத்த உருவமும் கெடைக்குது, புக்குலதான் எந்த மாசம் எந்த லெட்டர யாரு மறைச்சாங்கன்னு இருக்கு. புக்கு தடிமனா இருக்கும், மொத பக்கத்துல இருந்து கடைசி பக்கம் வரைக்கும் படிக்கணும்னு இல்ல, உங்களுக்கு ஒதைக்கற எடத்த மட்டும் தேடிப் படிங்க. டிராமாவ மட்டும் பாத்துட்டு நிறுத்துனா பேட்ஸ்ன்ற ஒரு நல்ல மனுஷன் ஜெயிச்ச கதையா மனசுல நின்னுரும்.

ரெண்டாவதா நான் எல்லாருக்கும் சொல்றது கோடட் பயஸ்னு 2020ல ஷாலினி காந்தய்யா எடுத்த டாக்குமென்ட்ரி. எம்ஐடி மீடியா லேப்ல இருந்த ஜாய் புவலம்வினி, கருப்பினப் பொண்ணு, மொகத்தக் கண்டுபுடிக்கற சாஃப்ட்வேர் முன்னாடி நிக்கறாங்க, அது அவங்க மொகத்த மொகம்னே எடுத்துக்கல, வெள்ள மாஸ்க் ஒண்ண போட்டுக்கிட்டா எடுத்துக்குது. அவங்களும் டிம்னிட் கெப்ருவும் 2018ல பண்ண ஆராய்ச்சில, மொகத்தப் பாத்து ஆம்பளையா பொம்பளையான்னு மெஷின் சொல்றதுல, கறுத்த தோல் உள்ள பொம்பளைங்க விஷயத்துல தப்பு 34.7 சதவீதம் வரைக்கும் போகுது, வெளுத்த ஆம்பளைங்களுக்கு அதிகபட்சம் 0.8. இது அமெரிக்கா சமாச்சாரம்னு நெனச்சா நம்ம ரேஷன் கடைல போய் நில்லுங்க. எங்கம்மாவுக்கு ரேக விழாது. வாழ்நாள் பூரா பாத்திரம் தேச்சு, சாம்பல் கரிச்சு, வெங்காயம் உரிச்ச கை, ரேக எல்லாம் தேஞ்சு போச்சு. மெஷின்ல வெரல வெச்சா செவப்பு லைட்டு. சேலத் தலப்புல தொடச்சு வெச்சாலும் செவப்பு. பின்னாடி நிக்கறவங்க "சீக்கிரம் வைங்கம்மா"ங்கறாங்க. அம்மா அப்ப என்னப் பாக்கற பார்வ இருக்கே, அந்த அரிசிக்குத் தனக்கு உரிம இல்லயோன்ற மாதிரி ஒரு கூச்சம். வேல செஞ்சு தேஞ்ச கை அது, கூச்சப்பட வேண்டியது எங்கம்மா இல்ல.

இதப் பத்தி ரீதிகா கேரா தொகுத்த டிசென்ட் ஆன் ஆதார்னு 2019ல ஒரு புக்கு வந்துச்சு, பல பேரு எழுதுன கட்டுரைங்க. ஜார்கண்ட்ல சிம்டேகால 2017ல ஒரு 11 வயசுப் பொண்ணு செத்துப் போச்சு, ஆதார் இணைக்கலன்னு ரேஷன் கார்ட எடுத்துட்டாங்க, பட்டினிதான் காரணம்னு குடும்பத்துல சொன்னாங்க, அதிகாரிங்க மலேரியான்னு சொன்னாங்க. அதுக்கப்பறம் 2017 அக்டோபர்ல மத்திய அரசு, ஆதார் இல்ல, ரேக விழலன்னு காரணம் சொல்லி யாருக்கும் ரேஷன மறுக்கக் கூடாதுன்னு மாநிலங்களுக்கு உத்தரவு போட்டுச்சு. இத நான் தெரிஞ்சு வெச்சுக்கிட்டதுல இருந்து நாளைக்கு வாங்கன்னு சொன்னா அப்டியே திரும்பி வர்றது இல்ல. வேற வெரல வைக்கச் சொல்லுங்க, கார்டுல இருக்கற வேற ஆள வைக்கச் சொல்லுங்க, கண்ண ஸ்கேன் பண்ற மெஷின் இருந்தா கேளுங்க, எதுவும் ஆகலன்னா "மறுத்ததா எழுதிக் குடுங்கண்ணே"ன்னு மரியாதையா கேளுங்க. கடைல இருக்கற அண்ணன் மேல கோவப்பட்டுப் பிரயோஜனம் இல்ல, அவரு கைலயும் அந்த மெஷின்தான் இருக்கு. ஆனா எழுதிக் குடுன்னு கேட்டா ஒரு வழி பொறக்குது.

நேரம் இருக்கறவங்களுக்கு வர்ஜீனியா யூபேங்க்ஸ் 2018ல எழுதுன ஆட்டோமேட்டிங் இனிக்வாலிட்டி. அதுல இந்தியானா மாநிலத்துல அரசாங்க உதவித் திட்டத்த மெஷின் கைல குடுத்த கத ஒண்ணு வரும், ஆறு வயசுக் கொழந்த பேருக்கே, நீ ஒத்துழைக்கல, அதனால உன் மருத்துவ உதவி நிறுத்தம்னு லெட்டர் போயிருக்கு. ஆஸ்திரேலியால ரோபோடெட்னு ஒரு கூத்து நடந்துச்சு, வருஷ வருமானத்த 26ஆல வகுத்து ரெண்டு வாரத்துக்கு இவ்ளோன்னு சராசரி போட்டு, அரசு உதவி வாங்குன ஏழைங்ககிட்ட திருப்பிக் கட்டுன்னு நோட்டீஸ் அனுப்புனாங்க, பாதி வருஷம் வேல பாத்து பாதி வருஷம் சும்மா இருந்தவனுக்கு அந்தக் கணக்கு எப்டிப் பொருந்தும்? 2023ல ராயல் கமிஷன் அது பத்தி கடுமையா அறிக்க குடுத்துச்சு. இது ரெண்டும் படிக்கறப்ப ஒண்ணு தெரியுது, எதுத்துக் கேக்க வழி இல்லாதவங்க மேலதான் புது மெஷின மொதல்ல ஓட்டிப் பாக்கறாங்க.

தமிழ்ல என்ன இருக்குன்னு கேப்பீங்க. சுஜாதாவோட என் இனிய இயந்திரா நாவல இப்ப எடுத்து திரும்பப் படிங்க. சின்ன வயசுல ஜீனோன்ற ரோபோ நாய்க்குட்டி மட்டும்தான் ஞாபகம் நிக்கும். இப்ப படிச்சா பேருக்கு ரெண்டு எழுத்துக்கு மேல கூடாது, கொழந்த பெத்துக்க அரசாங்கம் அனுமதி குடுக்கணும்ன்ற எடமெல்லாம் வேற மாதிரி படுது. ஆனா நம்ம ஆளுங்க கவுன்ட்டர்ல, டெலிவரி வண்டில, ரேஷன் கடைல படற பாட்ட அவங்க வாயாலயே பேச வெச்சு பத்து எபிசோட் பாட்காஸ்ட் ஒண்ணு தமிழ்ல யாராவது பண்ணணும், மனசார கேக்கறேன். ரேட்டிங் கொறஞ்சுதுன்னு ஐடி பிளாக் ஆன ஒரு டெலிவரி தம்பி எங்க கடை வாசல்ல உக்காந்து போன்ல யார்கிட்ட பேசறதுன்னு தெரியாம சாட்ல டைப் அடிச்சிட்டு இருந்தத நான் பாத்தேன், அந்தப் பக்கம் பதில் சொன்னது ஒரு மனுஷனே இல்ல.

இப்ப எங்க கடைல பொண்ணுங்க நாலஞ்சு பேரு மத்தியானம் சாப்பிடறப்ப ஒரு எபிசோட ஸ்பீக்கர்ல போட்டு கேப்போம், நான் நடுவுல நிறுத்தி நிறுத்தி தமிழ்ல சொல்லுவேன். தனியா கேட்டா சோர்வு வருது, நாலு பேரோட கேட்டா "அக்கா, இது எனக்கும் நடந்துச்சு"ன்னு யாராவது ஒருத்தி வாயத் தெறக்கறா. ஒவ்வொரு கவுன்ட்டர்லயும் இப்ப அந்த அன்ரூல்டு நோட்டு இருக்கு. ஷார்ட் ஷீட்ல கையெழுத்து போடச் சொன்னா, தொக எனக்குத் தெரியும் ஆனா காரணம் தெரியல, ஒத்துக்கலன்னு பக்கத்துல எழுதிட்டுத்தான் போடறாங்க. மொதல்ல மேனேஜர் சார் மொகம் சுளிச்சாரு, இப்ப அவரே புதுசா சேர்ற பொண்ணுங்ககிட்ட நோட்டு எங்கன்னு கேக்கறாரு.

பாட்காஸ்டும் டிராமாவும் முடிச்சவங்களுக்கு இன்னொண்ணு. இந்த போஸ்ட் ஆபீஸ் விவகாரத்தப் பத்தி முன்னாள் நீதிபதி வின் வில்லியம்ஸ் தலைமைல நடந்த விசாரணை முழுசும் யூடியூப்ல இலவசமா கெடக்கு. 2025 ஜூலைல வந்த அறிக்கையோட மொத பாகத்துல, இந்த விவகாரத்தால 13 பேராவது தற்கொல பண்ணிருக்கலாம்னு எழுதிருக்காங்க. 2024 மே 22ல இருந்து மூணு நாள் பாலா வென்னெல்ஸ் சாட்சி சொன்னாங்க, அதுல விசாரணையோட வக்கீல் ஜேசன் பியர் அவங்கள கேள்வி கேக்கறத பாருங்க. குரல ஒசத்தாம, ஒரு இமெயில ஸ்க்ரீன்ல போட்டு, இத நீங்க எப்ப படிச்சீங்கன்னு கேப்பாரு, அவங்க சுத்தி வளைச்சா அதே கேள்விய திரும்பக் கேப்பாரு. நாங்க இப்ப அததான் மத்தியானத்துல கொஞ்சம் கொஞ்சமா பாத்துட்டு இருக்கோம், சப்டைட்டில் போட்டுக்கிட்டா புரியும்.